மலையைத் திரை பார்த்த விதம்

கொல்லிமலையின் அடிவாரத்து வட்டாரம் தமிழுக்குத் தந்த பழைய படங்களிலிருந்து, மலைவாழ் மக்களைக் கதையின் நடுவில் நிறுத்திய அண்மைப் படங்கள் வரை

பாறையின் விளிம்பில் ஓர் ஆணும் பெண்ணும் நிற்கின்றனர். அவர்களுக்குக் கீழே பள்ளத்தாக்கு திறந்து கிடக்கிறது. இனிய பாடலொன்றைப் பாடியவாறே மனைவியை உச்சிவரை அழைத்து வந்த கணவன், அவளை அங்கிருந்து தள்ளிக் கொல்லப் போவதாகச் சொல்கிறான். அவளோ கலங்காமல், சாவதற்கு முன் கணவனை மும்முறை வலம்வந்து வணங்க அனுமதி கேட்டு, அவனுடைய முதுகுப்புறம் வந்த கணத்தில் அவனையே பள்ளத்தில் தள்ளிவிடுகிறாள். 1950-ல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’ படத்தின் இந்தக் காட்சி, ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றும் இன்று சில செய்யுள்களாக மட்டுமே எஞ்சியிருப்பதுமான குண்டலகேசியின் கதையிலிருந்து மு. கருணாநிதி எடுத்து நாடகமாக்கி, பின்னர் திரைக்கு எழுதியது. எஸ்.ஏ. நடராஜனும் மாதுரி தேவியும் நடித்த அந்தச் சில நிமிடங்களில் தமிழ்த் திரை மலையை எதற்காக நாடியது என்பது முழுமையாகத் தெரிகிறது: அழகு, ஆபத்து, மறைவு, தனிமை. அங்கே யாரேனும் குடியிருக்கிறார்களா என்ற கேள்வி மட்டும் எழவில்லை.

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு, பார்க்கத்தக்க படங்களை வகைவாரியாகத் தெரிந்தெடுக்க முயல்கிறது இக்கட்டுரை. ‘பார்த்தே தீரவேண்டிய படங்கள்’ என்ற பெயரில் வாரந்தோறும் வெளிவரும் வரிசைகள் பெருநகரத்துப் பார்வையாளரை மனத்தில் கொண்டே அமைகின்றன. நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில், செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ வாழும் ஒருவரை மனத்தில் கொண்டு அதே வரிசையை அமைத்தால் தேர்வும் மாறும், தேர்வுக்கான காரணங்களும் மாறும். அந்த மாற்றமே இங்கே முதன்மையான பொருள்.

பெட்டிச் செய்தி: கொல்லிமலை
கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த கொல்லிமலை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம் கொண்டது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் பயணிகள் பெரிதும் நாடும் இடங்கள். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் நினைவாக ஆடி மாதத்தில் அரசு விழா எடுக்கப்படுகிறது. இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினர்; கேரளத்து மலையாளிகளோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறியதாக இவர்களின் மரபுக்கதை கூறுகிறது. நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிய 1997 வரை இம்மலை சேலம் மாவட்டத்தில் இருந்தது.

சேலத்துக் கொட்டகையிலிருந்து

கொல்லிமலை நெடுங்காலம் இடம்பெற்றிருந்த சேலம் மாவட்டத்தின் தலைநகரில்தான், சென்னைக்கு வெளியே தமிழ்த் திரைப்படத்தின் மிகப் பெரிய பட்டறைகளுள் ஒன்று இயங்கியது. இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பிய டி.ஆர். சுந்தரம் 1935-ல் ஏற்காடு செல்லும் சாலையில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவு, படச்சுருளைக் கழுவும் கூடம் ஆகியவற்றை ஒரே வளாகத்தில் வைத்துக்கொண்டு, நடிகர்களையும் எழுத்தாளர்களையும் மாதச் சம்பளத்தில் அமர்த்தி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது. 1937-ல் வந்த ‘சதி அகல்யா’ அதன் முதல் படம். நடிகர்களின் புகழைவிடத் தயாரிப்பு ஒழுங்கையே பெரிதாக மதித்தவர் என்று பேசப்படும் சுந்தரம், ஒரே வகைப் படத்தைத் திரும்பத் திரும்ப எடுக்காமல் வகைமாற்றிக்கொண்டே இருந்ததால், அந்த வளாகத்தின் படங்களை மட்டும் கொண்டே பல வகைகளுக்கும் எடுத்துக்காட்டுகள் தந்துவிட முடிகிறது.

அரச குடும்பச் சூழ்ச்சிக் கதைக்கு மேலே கூறிய ‘மந்திரி குமாரி’ போதும். எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கரும் சுந்தரமும் இயக்கிய இப்படத்தில் தளபதியாக எம்.ஜி.ஆர். நடித்திருந்தபோதும், படத்தின் உயிர் அமைச்சர் மகள் அமுதவல்லியிடமே இருக்கிறது; காதலித்து மணந்தவன் கொள்ளைக்காரன் என்று அறிந்தபின் அவள் எடுக்கும் முடிவுகளே கதையை நகர்த்துகின்றன. எழுபது ஆண்டுகளுக்கு மேலான ஒரு படத்தில் பெண் பாத்திரத்துக்கு இத்தனை அதிகாரம் கிடைத்திருப்பதே இதைப் பரிந்துரைக்க முதற்காரணம். கொல்லிமலையோடு இதற்கு உறவு காண்பதும் கடினமன்று. சங்கப் பாடல்கள் தலைவியின் பேரழகுக்கு உவமையாக்கிய கொல்லிப்பாவை, பிற்கால வழக்கில் பகைவரைச் சிரித்து மயக்கிக் கொல்லும் தெய்வப் பாவையாக வளர்ந்து, இன்று மலைமேல் எட்டுக்கை அம்மனாக வணங்கப்படுகிறாள். அழகும் சாவும் மலையுச்சியில் ஒரே பெண்ணிடம் சேரும் அந்தப் பழைய கற்பனையின் தொடர்ச்சியாக அமுதவல்லியைக் காண இடமுண்டு.

துப்பறியும் கதைக்கு அதே 1950-ல் வந்த ‘திகம்பர சாமியார்’. வடுவூர் துரைசாமி அய்யங்காரின் நாவலைத் தழுவிய இதில் எம்.என். நம்பியார் பதினொரு தோற்றங்களில் வருகிறார். வில்லன் என்றே தலைமுறைகள் நினைவில் வைத்திருக்கும் ஒரு நடிகரின் முழுத் திறனையும் அறிய விரும்புவோர் இதிலிருந்து தொடங்கலாம். போர்க்காலச் சாகசத்துக்கு, இரண்டாம் உலகப் போர் முடியும் ஆண்டில் வந்த ‘பர்மா ராணி’ (1945) உண்டு. அது நேச நாடுகளின் பிரசாரத் தேவையையொட்டி எடுக்கப்பட்டது என்பதை மறவாமல், அக்காலத்துத் தமிழர் பர்மாவை எவ்வாறு கற்பனை செய்தனர் என்பதற்கான சான்றாகப் பார்ப்பதே பொருத்தம். மாயக் கதைக்கு 1956-ன் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. ‘கேவாகலர்’ எனப்படும் வண்ணச் சுருளில் எடுக்கப்பட்ட, தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் இது. பானுமதியின் துடுக்கான நடிப்புக்கு முன்னே குகையும் புதையலும் இரண்டாமிடத்துக்குப் போய்விடுகின்றன.

1952-ல் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து சுந்தரம் தயாரித்த ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’, வேறொரு காரணத்துக்காகக் குறிப்பிடப்பட வேண்டியது. வில்லியம் பெர்க் இயக்கிய இப்படத்தில், அழிந்துபோன பண்டைய மயிர்யானைகள் இந்தியக் காட்டில் தோன்றி ஊர்களை அழிப்பதாகக் கதை. உண்மையான யானைகளுக்கே சடைமயிர் போர்த்தி அந்த விலங்குகளாக்கினர். படமாக அது உயர்ந்ததன்று என்பதை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். ஆயினும் ஆலிவுட்டுக்கு இந்தியக் காடு என்னவாகத் தெரிந்தது என்பதை அது கற்பிக்கிறது. சென்னைப் படத்துறைக்கு மேற்கே உள்ள மலைகள் எவ்வாறு தெரிந்தனவோ, ஏறத்தாழ அதே தொலைவிலிருந்து, அதே அறியாமையோடுதான் ஆலிவுட்டும் பார்த்தது.

நாமக்கல்லில் பிறந்த கள்ளன்

இவ்வரிசையில் மலைக்கு மிக அருகிலிருந்து வந்த கதை ‘மலைக்கள்ளன்’. நாமக்கல்லை அடுத்த மோகனூரில் 1888-ல் பிறந்து, உப்புச் சத்தியாகிரகக் காலத்துப் பாடலால் நாடறிந்து, 1949-ல் சென்னை மாகாணத்தின் அரசவைக் கவிஞரான ‘நாமக்கல் கவிஞர்’ வெ. இராமலிங்கம் பிள்ளை எழுதிய நாவலை, கோவை பட்சிராஜா ஸ்டுடியோவின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954-ல் படமாக்கினார். திரைக்கதை உரையாடல் மீண்டும் கருணாநிதி, எம்.ஜி.ஆருடன் பானுமதி. தமிழ்ப் படங்களில் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தை முதன்முதலில் பெற்றதும் இதுவே. தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் ஆகிய மொழிகளிலும் இக்கதை எடுக்கப்பட்டது. இந்தியில் திலீப் குமார் நடித்த ‘ஆசாத்’ அவற்றுள் பெயர்பெற்றது.

செல்வரிடமிருந்து பறித்து எளியோர்க்குக் கொடுக்கும் கள்ளன் உலகெங்கும் உள்ள பாத்திரம்தான். ஆனால் நாமக்கல் கவிஞர் அவனை மலையில் வைத்ததில் ஒரு வட்டாரத் தன்மை இருக்கிறது: சமவெளியின் சட்டமும் காவலும் அநீதிக்குத் துணைபோகும்போது, நீதி மலைக்குப் போய்விடுகிறது. வறியோர்க்கு வரையாது கொடுத்த ஓரியின் மலையைக் கண்ணெதிரே பார்த்து வளர்ந்த ஒரு கவிஞருக்கு, மலையை வள்ளன்மையின் இருப்பிடமாகக் கற்பனை செய்வது இயல்பாகவே வந்திருக்க வேண்டும் என்று கருதத் தோன்றுகிறது. படத்தின் வேகமும் நகைச்சுவையும் இன்றும் குன்றவில்லை. குடும்பத்தோடு பார்ப்பதற்குப் பழைய படங்களுள் இதைவிடப் பொருத்தமானது அரிது. எனினும் இங்கும் மலை என்பது ஒளிவிடமே. கள்ளனின் கூட்டத்தார் எதை விதைத்தனர், எதை உண்டனர், மழை பெய்யாத ஆண்டில் என்ன செய்தனர் என்பவற்றுக்குக் கதையில் இடமில்லை.

பெட்டிச் செய்தி: காணாமற்போன சுருள்கள்
தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் 1938-ல் தயாரித்த, மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ படத்துக்கும் அதே கதிதான். அக்காலத்துப் படங்கள் நைட்ரேட் சேர்ந்த சுருள்களில் பதிவாயின. எளிதில் தீப்பற்றுவதும், வெப்பத்திலும் ஈரத்திலும் தானே சிதைவதும் அவற்றின் இயல்பு. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-ல்தான் புனேயில் தொடங்கப்பட்டது. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளாகம் மறைந்து, இன்று எஞ்சியிருப்பது அதன் நுழைவு வளைவு.

சுந்தரம் 1963-ல் மறைந்தபின் அந்நிறுவனம் ஜெய்சங்கரைக் கொண்டு ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) போன்ற துப்பறியும் படங்களைத் தந்தது. பிறகு மெல்ல மங்கியது. சேலமும் கோவையும் படமெடுக்கும் ஊர்களாக இருந்த நிலை மாறி, சென்னை மட்டுமே படமெடுக்கும் ஊர் என்றான பின், உள்மாவட்டங்கள் படப்பிடிப்புக்கு வந்துபோகும் ‘லொகேஷன்’களாகச் சுருங்கின. இதன் விளைவு சிறிதன்று. ஒரு வட்டாரத்தில் படம் எடுக்கப்படும்போது அங்குள்ள எழுத்தாளரும் தச்சரும் நாடக நடிகரும் அதற்குள் வந்துசேர்கின்றனர். அவர்களோடு அவ்வட்டாரத்தின் பேச்சும் பழக்கமும் படத்துக்குள் நுழைகின்றன. படக்குழு பத்து நாள் தங்கிப் பாடல்காட்சியை முடித்துக்கொண்டு போகும்போது மேகமும் அருவியும் மட்டுமே உடன்செல்கின்றன.

மலையில் வேலை செய்பவர்கள்

நகைச்சுவை வகைக்கு ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யை (1964) விட்டுவிட்டு எந்த வரிசையும் நிறைவு பெறாது. நாகேஷ் தாம் எடுக்கப்போகும் பேய்ப்படத்தின் கதையைப் பாலையாவுக்குச் சொல்லும் காட்சி, ஒலியும் முகபாவமும் கொண்டே அச்சத்தையும் சிரிப்பையும் ஒருசேர உண்டாக்குவதற்கான பாடமாக விளங்குகிறது. ஆனால் சின்னமலை என்ற இடத்தில் பாலையா எஸ்டேட் முதலாளி என்பதையும், அங்கே உழைப்பவர்கள் கதைக்கு வெளியே நிற்பதையும் மலையிலிருந்து பார்க்கும் ஒருவர் கவனிக்காமல் இருக்க முடியாது.

அந்த நிலையை மாற்றிய படம் மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978). உமாசந்திரனின் நாவலிலிருந்து மகேந்திரன் தமக்குத் தேவையானதை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதிய இக்கதையின் நாயகன் காளி, மலையில் உள்ள மின்நிலையத்தில் ‘விஞ்ச்’ எனப்படும் இழுவைப்பெட்டியை இயக்கும் தொழிலாளி. மலைச்சரிவில் ஏறி இறங்கும் அந்தப் பெட்டி யார் ஏறலாம், யார் காத்திருக்க வேண்டும் என்ற அதிகாரத்தை அவன் கையில் தருகிறது. அவனுடைய முரட்டுத் தன்மானமும், சமவெளியிலிருந்து வந்த பொறியாளரோடு அவனுக்கு மூளும் பகையும், தங்கை வள்ளி மீதுள்ள பாசமும் அந்த வேலையிலிருந்தே பிறக்கின்றன. ரஜினிகாந்தும் ஷோபாவும் உரையாடலைக் குறைத்து முகத்தால் நடித்த இப்படத்தைப் பாலு மகேந்திரா பெரும்பாலும் இயல்பொளியில், அதாவது விளக்குகளைக் குறைத்து இடத்தில் கிடைக்கும் வெளிச்சத்தைக் கொண்டே, படமாக்கினார். குடும்பக் கதை என்ற வகையில் தமிழில் ஒரே ஒரு படத்தைத்தான் பரிந்துரைக்கலாம் என்ற கட்டுப்பாடு இருந்தாலும் இதுவே அந்த இடத்துக்கு உரியது. காதல் துன்பியலுக்கு அதே பாலு மகேந்திரா இயக்கிய ‘மூன்றாம் பிறை’ (1982) உண்டு. அதில் நீலகிரியின் குளிர் கதைமாந்தரின் தனிமையை அளக்கும் கருவியாகிறது.

பாலாவின் ‘பரதேசி’ (2013) வரலாற்றுப் படம். தோட்டத் தொழிலாளர்களிடையே மருத்துவராகப் பணிபுரிந்த பி.எச். டேனியல் எழுதி, தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என வெளிவந்த ஆங்கில நாவலைத் தழுவிய இப்படம், பஞ்சம் பிழைக்க மலையேறிய சமவெளி மக்கள் தேயிலைத் தோட்டத்தில் கொத்தடிமைகளான கதையைச் சொல்கிறது. கொல்லிமலைக் குடிகள் தம் சிறு நிலங்களிலேயே மிளகும் காப்பியும் பயிரிடுவோர் என்பதால், அவர்களின் வரலாறு ‘பரதேசி’யின் வரலாறு அன்று. ஆனால் நிலம் கையில் இருந்தும் பயிர் கைமீறிப் போகும் நிலையை அவர்கள் நன்கு அறிவர். சாமை, தினை, கேழ்வரகு விளைந்த வயல்களில் சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கான மரவள்ளி பரவியதையும், அதனால் சிறுதானிய வகைகள் அருகியதையும், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இம்மலையில் பல்லாண்டுகள் பணியாற்றிப் பதிவு செய்துள்ளது.

இந்த அனுபவத்துக்கு மிக நெருங்கி வரும் படம் லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018). மலைப்பாதையில் ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமி, துண்டு நிலம் வாங்கவேண்டும் என்ற ஒரே ஆசையோடு உழைத்து, இறுதியில் நிலத்தை வாங்கியும், விதைக்கும் உரத்துக்கும் பட்ட கடனால் அதை இழந்து, தன் நிலத்தில் எழுந்த காற்றாலைக்கே காவலாளாகிறான். சண்டையோ வில்லனோ இல்லாமல் ஒரு மனிதன் நிலமிழப்பதை இவ்வளவு தெளிவாக விளக்கிய தமிழ்ப்படம் வேறில்லை என்றே சொல்லவேண்டும். சுமையோடு ஏறும் கால்களின் வேகத்துக்கு ஒளிப்பதிவாளர் தேனி ஈஸ்வரின் ஒளிப்பதிவுக் கருவி இணங்கி நடக்கிறது. எவ்விடத்தில் இளைப்பாறுவார்கள், எங்கே கல்லை வைத்துக் கும்பிடுவார்கள், யார் யாருக்குச் சோறு கொடுப்பார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரிந்திருக்கிறது. தேவாரத்துக்கு அருகே மேற்கு மலையில் நடக்கும் கதையானாலும், கிழக்கு மலையில் வாழ்பவருக்கும் விளக்கவுரை தேவைப்படாது.

அடிவாரத்துச் சிறுகதைகள்

அண்மையில் சேலம், நாமக்கல் வட்டாரத்தைக் களமாகக் கொண்டு சிறுகதைகள் படங்களாவது மகிழ்ச்சி தருகிறது. பெருமாள்முருகனின் ‘வறுகறி’ கதையைத் தழுவித் தமிழ் இயக்கிய ‘சேத்துமான்’ (2022), பன்றிக்கறி தின்ன விரும்பும் ஒரு பண்ணையாரையும் அவரிடம் வேலைபார்க்கும் கூடை முடையும் முதியவரையும் பேரனையும் கொண்டு, உணவுக்குள் இருக்கும் சாதியை எந்த முழக்கமும் இல்லாமல் காட்டுகிறது. கொங்குப் பேச்சு திரிபின்றி ஒலிப்பது அதன் கூடுதல் சிறப்பு. ராசி அழகப்பனின் ‘சைக்கிள்’ கதையிலிருந்து கமலக்கண்ணன் எடுத்த ‘குரங்கு பெடல்’ (2024), 1980-களின் கோடை விடுமுறையில் வாடகைச் சைக்கிள் ஓட்டக் கற்கும் சிறுவர்களின் கதை. சிறுவர் படம் என்ற பெயரில் பெரியவர்களின் அறிவுரைகளே பெரும்பாலும் வந்துகொண்டிருக்க, இது குழந்தைகளின் ஆசையை அதன் அளவிலேயே மதித்து நடத்துகிறது. கொல்லிமலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஒரு படம் திரையிட வாய்ப்புக் கிடைத்தால் முதலில் திரையிடத்தக்கது இதுவே.

உலகத்து மலைகள்

பிறநாட்டுப் படங்களில் மூன்று இங்கே போதும். முதலாவது, ஆன்றி-ஜார்ஜ் குளூசோ இயக்கிய பிரெஞ்சுப் படமான ‘அச்சத்தின் கூலி’ (1953). தென்னமெரிக்காவில் எரியும் எண்ணெய்க் கிணற்றை அணைக்க, சிறு குலுக்கலிலும் வெடிக்கும் நைட்ரோகிளிசரினை இரண்டு லாரிகளில் ஏற்றிக்கொண்டு மலைச்சாலையில் நால்வர் செல்கின்றனர். கான், பெர்லின் ஆகிய இரு விழாக்களிலும் உயர் பரிசு பெற்ற இந்தத் திகில் படத்தை, லாரித் தொழிலால் பெயர்பெற்ற நாமக்கல் மாவட்டத்தைவிட நுட்பமாகப் புரிந்துகொள்ளும் ஊர் உலகில் அதிகம் இருக்க முடியாது. மரப்பலகைத் திருப்பத்தில் பின்னோக்கி லாரியை எடுக்கும் காட்சியில் ஓட்டுநரின் கை, சக்கரம், விளிம்பு என்று இயக்குநர் மாற்றி மாற்றிக் காட்டும் வரிசையை, எழுபது வளைவுகளில் சரக்கேற்றிப் பழகியவர்கள் மூச்சடக்கிப் பார்ப்பர். கூலிக்காக உயிரைப் பணயம் வைப்பவர்களின் கதை என்பதும் அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

இரண்டாவது, ஷோஹெய் இமாமுராவின் ‘நராயாமாப் பாட்டு’ (1983). எழுபது வயதானவர்களை மகன் முதுகில் சுமந்து சென்று மலையில் விட்டுவரும் ஜப்பானியச் சிற்றூர் ஒன்றின் வழக்கத்தைப் பற்றிய இப்படம் கான் விழாவின் தங்கப் பனை விருது பெற்றது. பசியே சட்டமாக ஆட்சி செய்யும் ஊரில் பாசம் எவ்வாறு பிழைக்கிறது என்பதை அது கூசாமல் ஆராய்கிறது. வயது வந்தோர்க்கு மட்டுமே உரியது.

மூன்றாவது, அகிரா குரோசாவா சோவியத் நாட்டில் எடுத்து, ஆஸ்கர் விருதும் பெற்ற ‘தெர்சு உசாலா’ (1975). நில அளவைக்கு வரும் ரஷ்ய அதிகாரி அர்செனியெவ், காட்டிலேயே வாழும் வேடரான தெர்சுவை வழிகாட்டியாகக் கொள்கிறார். பனிப்புயலில் புல்லை அறுத்துக் குவித்து அவர் உயிரைத் தெர்சு காப்பாற்றுகிறார். கண்பார்வை மங்கிய தெர்சுவை அதிகாரி அன்போடு நகரத்துக்கு அழைத்துச் செல்ல, அங்கே தண்ணீருக்கும் விறகுக்கும் காசு கேட்பதைக் கண்டு அவர் திகைக்கிறார். மீண்டும் காட்டுக்குப் புறப்படுபவருக்கு அதிகாரி தந்த புதிய துப்பாக்கியே, அதைக் கவர நினைத்தவனால் அவர் கொல்லப்படக் காரணமாகிறது. மலைமக்களை நல்லெண்ணத்தோடு நெருங்குவோர் அனைவரும் பார்க்கவேண்டிய படம் என்று இதைக் கூறுவது மிகையாகாது. மலைமேல் திட்டங்களோடும் கேமராக்களோடும் வருவோர் யாருக்கும் தீய எண்ணமில்லாதபோதும் தீங்கு நேரக்கூடும் என்பதை குரோசாவா அன்பு குறையாமல் காட்டியிருக்கிறார்.

சட்டமும் மலையும்

பழங்குடியினரைப் பற்றிய தமிழ்ப்படங்களில் மிகப் பெரிய மாற்றம் 2009 முதலான ஆண்டுகளில் நேர்ந்தது. நெடுங்காலம் மலைமக்கள் என்றால் கரிபூசிய உடல், இறகுத் தொப்பி, தீயைச் சுற்றி ஆட்டம் என்பதே திரையின் வழக்கமாக இருந்தது. அதைக் கண்டு சிரித்த பார்வையாளர்தான் மறுநாள் அலுவலகத்தில் சாதிச் சான்றிதழ் கேட்டு வரும் மலைவாசியை எதிர்கொண்டார் என்பதை எண்ணினால், அந்த ஆட்டங்கள் தீங்கற்ற கேளிக்கை என்று விட்டுவிட முடியவில்லை. எஸ்.பி. ஜனநாதனின் ‘பேராண்மை’ (2009), ரஷ்யப் படமான ‘இங்கே வைகறைகள் அமைதியானவை’யின் கதைக்கருவை எடுத்துக்கொண்டு, பழங்குடியில் பிறந்து படித்து வனத்துறையில் சேர்ந்த துருவனை நாயகனாக்கியது; அலுவலகத்தில் அவன் படும் இழிவுகள் படத்தின் சாகசத்தைவிட நெடுநேரம் மனத்தில் நிற்கின்றன. த.செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’ (2021) 1993-ல் நடந்த காவல் மரணமொன்றின் வழக்கை அடிப்படையாகக் கொண்டது. உண்மை வழக்கில் பாதிக்கப்பட்டவர்கள் குறவர். படமோ அவர்களை இருளராகக் காட்டியது. அந்த மாற்றம் விவாதத்துக்குரியது என்றாலும், சிறைவாயிலில் விடுதலையாகி வருவோரைச் சாதி கேட்டுப் பிரிக்கும் அதன் தொடக்கக் காட்சியும், சான்றிதழுக்காக அலையும் மக்களின் காட்சியும் அரசு அலுவலகங்கள் வரை பேசப்பட்டன. நாமக்கல்லில் பட்டியல் பழங்குடியினராக உள்ள மலையாளிகள் ஈரோடு மாவட்டத்து மலைகளில் அவ்வாறு ஏற்கப்படாததால் நெடுங்காலமாகப் போராடி வருவதை அறிந்தவர்களுக்கு அக்காட்சியின் எடை கூடுதலாகவே தெரியும்.

வெற்றிமாறனின் ‘விடுதலை’ (முதல் பாகம் 2023, இரண்டாம் பாகம் 2024) ஜெயமோகனின் ‘துணைவன்’ சிறுகதையிலிருந்து விரிந்தது. மலையில் சுரங்கம் அமைவதை எதிர்க்கும் குழுவைப் பிடிக்கச் சென்ற சிறப்புப் படையில், முகாம்களுக்குச் சோறு கொண்டுபோகும் ஓட்டுநர் காவலர் குமரேசனாகச் சூரி நடித்துள்ளார். ரயில் விபத்தை வெட்டே இல்லாததுபோல் நீளும் ஒரே காட்சியாகக் காட்டும் தொடக்கம் தொழில்நுட்பச் சாதனை. ஆனால் படத்தின் மெய்யான துணிவு, ஊர்மக்களை முகாமில் அடைத்து வதைக்கும் பகுதிகளை அவர்களின் பக்கம் நின்று காட்டியதில் இருக்கிறது. முதல் பாகமே செறிவானது. இரண்டாம் பாகத்தில் உரைகள் மிகுந்து கதையின் இறுக்கம் தளர்கிறது.

இதைப் பார்ப்பவர்கள் வாச்சாத்தியையும் அறிந்துவைத்துப் பார்ப்பது நன்று. தருமபுரி மாவட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள அந்த மலையாளிப் பழங்குடியினரின் ஊருக்குள், 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகியவற்றைச் சேர்ந்தோர் புகுந்தனர்; வீடுகள் சூறையாடப்பட்டன; 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் வழக்கு முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீடுகளை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன், 2023-ல் தாமே வாச்சாத்திக்குச் சென்று இடத்தைப் பார்வையிட்டபின், அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கவும் உத்தரவிட்டார். ‘விடுதலை’யின் முதல் பாகம் திரைக்கு வந்து ஆறு மாதங்களில் வந்த தீர்ப்பு அது.